கரைந்து காக்கும் உலோகம்: கடலில் மிதக்கும் உருக்குக் கட்டமைப்புகளின் பாதுகாப்பு

கப்பலின் அடிப்பகுதியைப் பழுது பார்க்க வேண்டுமானால் அதனை நீரிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். இதற்குப் பயன்படும் சாதனங்களுள் ஒன்று மிதக்கும் துறை. அந்தமான் தீவுகளில் கடற்படையின் பயன்பாட்டுக்கெனச் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டு 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீரில் இறக்கப்பட்ட மிதக்கும் துறை 185 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உடையது. 8,000 டன் எடையுள்ள கப்பலைத் தூக்கி நிறுத்தும் திறன் பெற்றது. தன் தொட்டிகளில் கடல் நீரை நிரப்பிக்கொண்டு இத்தகைய துறை தாழ்கிறது. கப்பல் உள்ளே வந்து நின்றதும் நீரை வெளியேற்றி உயர்கிறது. கப்பலின் அடிப்பகுதி காற்றுக்கு வந்துவிடுகிறது.

மற்றக் கப்பல்களைத் தூக்கும் துறையைத் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்? பகுதி பகுதியாகப் பிரிக்கத்தக்க சில துறைகளில், ஒரு பகுதியை மற்றப் பகுதிகளின் மேல் ஏற்றிப் பழுது பார்க்கலாம். ஆனால் ஒரே உடலாகக் கட்டப்பட்ட பெரிய துறைக்கு அவ்வசதி இல்லை. அதனை ஏற்கக்கூடிய உலர் துறை அருகில் இல்லாவிட்டால், அதன் அடித்தகடுகள் பல்லாண்டுகள் தொடர்ந்து கடல் நீரிலேயே இருக்க வேண்டியவை. அத்தகடுகளைக் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது மிதக்கும் துறைக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. பயணிகள் படகில் ஏறி இறங்கப் பயன்படும் பாண்டூன் மேடைகள், கப்பல் வழியைக் காட்டும் மிதவைகள், கட்ச் வளைகுடாவிலுள்ள வாடினாரிலும் ஒடிசாவின் பாரதீப்பிலும் பெரிய எண்ணெய்க் கப்பல்களைக் கட்டி நிறுத்தும் நங்கூர மிதவைகள், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2024 ஜனவரியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய மிதக்கும் உற்பத்திக் கலம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். சிறு மிதவையைக் கரைக்குக் கொண்டுவந்து சுரண்டிப் பூச முடியும். பெரியவற்றை அவ்வாறு அடிக்கடி கொண்டுவர இயலாது. ஆகவே அவற்றின் ஆயுள், பழுது பார்க்கும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. வரைபடம் வரையும் நாளிலும், அதன் பின்னர் ஒழுங்காக அளவெடுக்கும் ஒவ்வொரு நாளிலும் தீர்மானிக்கப்படுகிறது.

கடல் நீரில் உருக்கு அழிவது ஏன்?

இரும்பு பூமியில் பெரும்பாலும் ஆக்ஸைடு தாதுவாகவே கிடைக்கிறது. மிகுந்த ஆற்றலைச் செலவிட்டே அதனை உலோகமாக மாற்றுகிறோம். வாய்ப்புக் கிடைக்கும்போது அது தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அரிமானம் என்பது இத்திரும்புதலேயாகும்.

நீரில் இத்திரும்புதல் மின்வேதியியல் முறையில் நடைபெறுகிறது. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. இவ்விடம் ஆனோடு எனப்படும். விடப்பட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குச் சென்று, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து காரத்தன்மையுள்ள அயனிகளை உண்டாக்குகின்றன. அவ்விடம் கேத்தோடு எனப்படும். ஆனோடில் உலோகம் இழக்கப்படுகிறது. கேத்தோடில் இழப்பு இல்லை. ஒரே தகட்டில் இவ்விரு வகை இடங்களும் அருகருகே அமைந்து, ஆயிரக்கணக்கான நுண்ணிய மின்கலங்களாக இயங்குகின்றன.

மின்கலம் இயங்க இரு முனைகளுக்கும் இடையே மின்சாரத்தைக் கடத்தும் நீர்மம் வேண்டும். கடல் நீர் இதற்கு மிகப் பொருத்தமானது. ஒரு கிலோகிராம் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. சாதாரணக் குடிநீரின் மின்தடை கடல் நீரினதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. மேலும், நம் நாட்டைச் சூழ்ந்த வெப்பக் கடல்களின் மேற்பரப்பு நீரில்கூட லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்துள்ளது. அலையும் நீரோட்டமும் அதனை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன.

பாதுகாப்பில்லாத உருக்கு, கடல் நீரில் முழுவதும் மூழ்கியிருக்கையில், சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் தேய்கிறது. இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் தகடு எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பூச்சு உடைந்த இடங்கள், பற்றவைப்புக் கோடுகள், ஓட்டுயிரிகள் ஒட்டியிருக்கும் இடங்கள் ஆகியவற்றில் குழிகள் விழுகின்றன. குழியின் ஆழம் சராசரித் தேய்வைப் போலப் பல மடங்காகும். மிதக்கும் கலத்தைப் பொறுத்தவரை சராசரியைவிட ஆழமான ஒரு குழியே முக்கியமானது. நீர் உட்புக ஒரு துளை போதும்.

வேறு உலோகங்களின் தொடர்பு இத்தொல்லையைப் பெருக்கும். வெண்கல வால்வு ஒன்று உருக்குத் தகட்டுடன் மின்தொடர்பு கொண்டிருந்தால் உருக்கு ஆனோடாகி விரைவில் கரையும். தகட்டின் பெரும்பகுதி நன்கு பூசப்பட்டு, ஒரு சிறு கீறல் மட்டும் திறந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அழிவு முழுவதும் அக்கீறலிலேயே குவியும்.

நீர்க்கோடு நகராத கட்டமைப்பு

துறைமுகத்தில் ஊன்றப்பட்ட தூணையும் மிதக்கும் மேடையையும் ஒப்பிட்டால் முக்கியமான வேறுபாடு ஒன்று புலப்படும். கடல் ஏறி இறங்குகையில் தூணின் மேல் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. ஆகவே ஓதம் படும் பகுதி அதில் அகலமாக இருக்கும். மிதக்கும் மேடையோ நீரோடு சேர்ந்தே உயர்ந்து தாழ்கிறது. சுமை மாறாதவரை அதன் நீர்க்கோடு எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கிறது.

இதனால் மூன்று பகுதிகள் தெளிவாகப் பிரிகின்றன. நீர்க்கோட்டுக்குக் கீழே எப்போதும் நனைந்திருக்கும் பகுதி ஒன்று. நீர்க்கோட்டை ஒட்டி, அலைத் தெறிப்பும் வெயிலும் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் படகுகளின் உராய்வும் ஒருங்கே தாக்கும் குறுகிய பட்டை மற்றொன்று. உப்புக் காற்று மட்டும் படும் மேற்பகுதி மூன்றாவது. நடுவிலுள்ள பட்டையே மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. அங்கு ஆக்ஸிஜன் மிகுதி. ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும். பின்னர் விளக்கப்படும் மின்முறைப் பாதுகாப்பு இப்பட்டைக்கு முழுமையாக எட்டாது. ஏனெனில் அம்முறைக்குத் தொடர்ச்சியான நீர்த் தொடர்பு வேண்டும். எனவே இங்கு தடித்த பூச்சையும், தேய்வுக்கென விடப்படும் கூடுதல் தகட்டுத் தடிப்பையுமே நம்ப வேண்டியுள்ளது.

முதல் அரண்: பூச்சு

பூச்சின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அதன் அடியிலுள்ள தளத்தைப் பொறுத்தது. உயர்ந்த விலையுள்ள எபாக்ஸிப் பூச்சாயினும் துருவின் மேல் பூசப்பட்டால் துருவோடு சேர்ந்து உதிரும். ஆகவே முதலில் உப்பு போக நன்னீரால் கழுவி, பின்னர் துகள் வீச்சு முறையால் உலோகத்தின் சாம்பல் வெண்மை தெரியும் வரை தளத்தைத் தூய்மை செய்கின்றனர். நீரில் மூழ்கும் பகுதிகளுக்கு 'எஸ்.ஏ. இரண்டரை' என்னும் சர்வதேசத் தூய்மைத் தரம் வழக்கமாகக் கோரப்படுகிறது.

பூசும் வேளையும் முக்கியமானது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது பூசலாகாது. உருக்கின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் பூச்சு படியும். நம் கடற்கரையில் மழைக்காலத்தில் இந்நிபந்தனை நிறைவேறும் நாட்கள் குறைவு. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட வேண்டும் என்பதற்காகவோ, வேலை தாமதமாகிவிட்டது என்பதற்காகவோ மழை நாளில் பூசப்படும் பூச்சு நீண்ட நாள் நிற்காது.

தகட்டின் விளிம்புகளிலும் பற்றவைப்புக் கோடுகளிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்து நிற்கும். அவ்விடங்களில் தூரிகையால் கூடுதலாக ஒரு முறை பூசுவது நல்ல பழக்கம். மூழ்கும் பகுதிகளுக்குப் பல அடுக்குகளாக மொத்தம் 300 முதல் 500 மைக்ரான் வரை தடிப்புள்ள எபாக்ஸிப் பூச்சு பொதுவாக அமைக்கப்படுகிறது. எண்ணெய் அடிப்படையிலான பழைய வகைப் பூச்சுகள் இங்கு ஏற்றவை அல்ல. மின்முறைப் பாதுகாப்பு செயல்படும்போது தகட்டின் மேல் உண்டாகும் காரம் அவற்றைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும்.

எவ்வளவு கவனமாகப் பூசினாலும் நுண்துளைகள் இருக்கும், படகு உரசும், சங்கிலி கீறும், காலம் செல்லச் செல்லப் பூச்சு தளரும். அப்போது வெளிப்படும் உருக்கைக் காப்பதற்கே இரண்டாவது அரண் தேவைப்படுகிறது.

டேவியின் வெற்றியும் தோல்வியும்

இரண்டாவது அரணின் வரலாறு 1824-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அக்காலப் பிரிட்டிஷ் போர்க் கப்பல்களின் மர அடிப்பாகத்தில் செப்புத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை கடல் நீரில் விரைவாக அரிக்கப்பட்டன. இதற்குப் பரிகாரம் தேடும் பணியை விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி ஏற்றார். செம்பைவிட எளிதில் கரையக்கூடிய துத்தநாகத்தையோ இரும்பையோ செம்புடன் இணைத்தால், அது தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று அவர் கண்டார். செம்பின் பரப்பில் 40-இல் ஒரு பங்கு முதல் 150-இல் ஒரு பங்கு வரையுள்ள சிறு துண்டுகளே போதுமானவையாக இருந்தன.

செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் கப்பல்கள் மெதுவாகச் செல்லத் தொடங்கின. காரணம் இதுவே: செம்பு சிறிது சிறிதாகக் கரைந்தபோது அதன் நச்சுத் தன்மை பாசியையும் கொட்டலசு போன்ற ஓட்டுயிரிகளையும் அண்டவிடாமல் தடுத்து வந்தது. கரைவது நின்றதும் அவை தாராளமாக வளர்ந்துவிட்டன. கடற்படை இம்முறையைக் கைவிட்டது.

டேவியின் விஞ்ஞானத்தில் பிழை இல்லை. ஒரு தீமையை நீக்கும் முறை வேறொரு தீமைக்கு இடமளித்துவிட்டது. பாதுகாப்பை முழுமையாகத் திட்டமிட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். உருக்குக்குச் செம்பைப் போன்ற நச்சுத் தன்மை இல்லை. எனவே உருக்குக் கலங்களில் இம்முறை பின்னர் சிறப்பிடம் பெற்றது. உயிரின வளர்ச்சியைத் தடுக்கத் தனிப் பூச்சு பயன்படுத்தப்படுகிறது. அவ்வகைப் பூச்சுகளில் ஒரு காலத்தில் பெரிதும் சேர்க்கப்பட்ட கரிம வெள்ளீயச் சேர்மங்கள் கடல் உயிரினங்களுக்குக் கேடு விளைவித்ததால், 2001-இல் உருவாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அவற்றைத் தடை செய்தது. டேவி சந்தித்த அதே வகைச் சிக்கல் மீண்டும் ஒரு முறை தோன்றியது எனலாம்.

தியாக ஆனோடுகள்

உருக்குடன் துத்தநாகக் கட்டியை மின்தொடர்புடன் இணைத்துக் கடல் நீரில் மூழ்கவிட்டால், துத்தநாகம் ஆனோடாகிறது. உருக்கு முழுவதும் கேத்தோடாகிறது. எலெக்ட்ரான்களை வழங்கும் பொறுப்பைத் துத்தநாகம் ஏற்றுக்கொள்வதால் உருக்கு கரைய வேண்டிய தேவை நீங்குகிறது. தன்னை இழந்து பிறிதொன்றைக் காப்பதால் இக்கட்டிகளுக்குத் தியாக ஆனோடுகள் என்று பெயர்.

கடல் நீரில் துத்தநாகமும், துத்தநாகமும் இண்டியமும் சிறிதளவு கலந்த அலுமினியக் கலவையும் பெரிதும் பயன்படுகின்றன. ஒரு கிலோ துத்தநாகம் சுமார் 780 ஆம்பியர்-மணி மின்சாரம் தரும். ஒரு கிலோ அலுமினியக் கலவை சுமார் 2,500 ஆம்பியர்-மணி தரும். எடை குறைவாக இருப்பது மிதக்கும் கலத்துக்கு நன்மையாதலால் அலுமினியக் கலவை இன்று முதலிடம் பெற்றுள்ளது. தூய அலுமினியம் இதற்குப் பயன்படாது; அதன் மேல் உண்டாகும் ஆக்ஸைடு படலம் அதனைக் கரையவிடாது. துத்தநாகத்திலும் இரும்புக் கலப்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போகாமல் காக்க வேண்டும். கலப்பு மிகுந்தால் கட்டியின் மேல் கெட்டியான படலம் மூடிக்கொண்டு வேலை நின்றுவிடும். கொள்முதல் செய்யும் அலுவலர்கள் எடையையும் விலையையும் மட்டும் பாராமல் வேதியியல் பகுப்பாய்வுச் சான்றையும் கேட்டுப் பெறுவது இதனால் இன்றியமையாததாகிறது.

இங்கு பரவலான தவறான எண்ணம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆய்வின்போது ஆனோடுகள் தேய்ந்திருப்பதைக் கண்டு, தரம் குறைந்த பொருள் என்று குறை கூறுவோர் உண்டு. புதியது போலவே இருக்கும் ஆனோடைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. கணக்கிட்ட வேகத்தில் தேயும் ஆனோடு தன் கடமையைச் செய்கிறது. தேயாத ஆனோடு பெரும்பாலும் இணைப்பு விடுபட்டதாகவோ, படலம் மூடியதாகவோ, கப்பலுக்கு வண்ணம் பூசியவர் தவறுதலாக அதன் மேலும் பூசிவிட்டதாகவோ இருக்கும். அது காக்க வேண்டிய தகடு அந்நேரத்தில் கரைந்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்கு

படகுத்துறை ஒன்றில் 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட உருக்குப் பாண்டூன் 1.2 மீட்டர் ஆழம் மூழ்கி மிதப்பதாகக் கொள்வோம். அதன் அடிப்பரப்பு 300 சதுர மீட்டர். நான்கு பக்கங்களின் மூழ்கிய பரப்பு 96 சதுர மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 400 சதுர மீட்டர்.

வெப்பக் கடலின் மேற்பகுதியில் பூச்சில்லாத உருக்கைக் காக்கச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 70 மில்லிஆம்பியர் மின்னோட்டம் தேவை என்று வடிவமைப்பு விதிகள் கொள்கின்றன. பத்து ஆண்டுகளில் பூச்சின் சராசரிச் சேதம் 10 சதவீதம் எனக் கொண்டால் தேவைப்படும் மின்னோட்டம் 2.8 ஆம்பியர். பத்து ஆண்டுகளுக்கு இது ஏறக்குறைய 2,45,000 ஆம்பியர்-மணி ஆகும். இதனை அலுமினியக் கலவையின் 2,500-ஆல் வகுத்தால் 98 கிலோ வரும். கட்டியின் கடைசிப் பகுதி பயன்படாமல் உதிர்ந்துவிடுவதால் 85 சதவீதமே பயன்படும் எனக் கணக்கிட்டால் சுமார் 115 கிலோ வேண்டும். துத்தநாகமாயின் சுமார் 370 கிலோ வேண்டும்.

இதே பாண்டூனுக்குப் பூச்சே இல்லையெனில் தேவை பத்து மடங்காகி, அலுமினியக் கலவை ஒரு டன்னுக்கு மேல் செல்லும். பூச்சும் ஆனோடும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணை என்பது இதனால் விளங்கும். இரண்டுமே இல்லாவிட்டால் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வீதம் பத்து ஆண்டுகளில் 3 டன்னுக்கு மேற்பட்ட உருக்கு கடலில் கரைந்துபோகும். குழிகள் விழுவதால் பத்து ஆண்டுகள் முடியுமுன்பே பாண்டூன் ஒழுகத் தொடங்கவும் கூடும்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. பத்தாம் ஆண்டின் முடிவில் பூச்சின் சேதம் சராசரியைவிட மிகுந்திருக்கும், ஆனோடுகளோ சிறுத்திருக்கும். அப்போதும் தேவையான மின்னோட்டத்தைத் தருமாறு அவற்றின் எண்ணிக்கை, வடிவம், இருப்பிடம் ஆகியவற்றை அமைக்க வேண்டும். ஒரே பெரிய கட்டியைவிட, பரவலாக அமைந்த பல கட்டிகளே நன்மை தரும். கலத்தைக் கரையேற்ற முடியாத இடங்களில், தளத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிடப்படும் ஆனோடுகளும், மூழ்குநர்கள் நீருக்கடியிலேயே மாற்றத்தக்க ஆனோடுகளும் பயன்படுகின்றன. இத்தகைய வசதிகளை முதல் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும்.

செலுத்து மின்னோட்ட முறை

பெரிய கட்டமைப்புகளுக்கு டன் கணக்கில் ஆனோடுகளைச் சுமத்துவதற்குப் பதிலாக வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்துவது மற்றொரு முறை. மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றும் கருவியின் எதிர்முனை உருக்குடலுடனும், நேர்முனை எளிதில் கரையாத ஆனோடுடனும் இணைக்கப்படும். பிளாட்டினமோ உலோக ஆக்ஸைடுகளோ பூசிய டைட்டானியம் இவ்வகை ஆனோடாகப் பயன்படுகிறது.

பூச்சு தளரத் தளர மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ள முடிவது இதன் சிறப்பு. நீரின் உப்புத் தன்மை பருவத்துக்குப் பருவம் மாறும் கழிமுகங்களில் இது குறிப்பிடத்தக்க நன்மையாகும். தென்மேற்குப் பருவமழையின்போது கொச்சிக் காயலின் மேற்பரப்பு நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. அந்நிலையில் நீரின் மின்தடை உயர்வதால் தியாக ஆனோடுகளின் திறன் குறைகிறது. துத்தநாகம் செயலற்றுப் போகவும் கூடும்.

இம்முறையின் குறை, அது மனிதரின் இடைவிடாத கவனத்தைக் கோருவது. மின்தடை ஏற்பட்டால் பாதுகாப்பு நின்றுவிடும். கம்பி அறுந்தாலும் அவ்வாறே. இணைப்பு முனைகளை மாற்றிப் பொருத்திவிட்டால் காக்க வேண்டிய உருக்கே ஆனோடாகிக் கரையும். பராமரிப்புப் பணியாளர் நிலையாக இல்லாத ஒரு சிறு படகுத்துறைக்குத் தியாக ஆனோடே ஏற்றது. பொறியாளர்களும் மின் வசதியும் எந்நேரமும் உள்ள பெரிய கலத்துக்குச் செலுத்து மின்னோட்டம் ஏற்றது.

அளந்து காத்தல்

பாதுகாப்பு செயல்படுகிறதா என்பதைக் கண்ணால் காண இயலாது. ஆனால் அளக்க முடியும். வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்வாயைக் கலத்தின் அருகே நீரில் இறக்கி, அதற்கும் உருக்குக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை வோல்ட் மீட்டரால் அளக்கலாம். பாதுகாப்பற்ற உருக்கு கடல் நீரில் ஏறக்குறைய மைனஸ் 0.60 முதல் 0.65 வோல்ட் வரை காட்டும். மைனஸ் 0.80 வோல்ட்டையோ அதைவிட எதிர்மறையான அளவையோ எட்டினால் உருக்கு காக்கப்படுகிறது என்று கொள்ளலாம்.

மிகுதியும் நன்றன்று. மைனஸ் 1.10 வோல்ட்டுக்கு அப்பால் சென்றால் உருக்கின் மேல் ஹைட்ரஜன் வாயு உண்டாகிப் பூச்சைக் கிளப்பிவிடும். மிகு வலிமை உருக்கு வகைகளை நொறுங்கச் செய்யவும் கூடும். செலுத்து மின்னோட்ட முறையில் இவ்வெச்சரிக்கை குறிப்பாகத் தேவை.

இவ்வளவீட்டுக்கு வேண்டிய கருவிகள் எளியவை. பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு பாண்டூனைச் சில மணி நேரத்தில் சுற்றி அளந்துவிடலாம். கலத்தை நீரிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஒரே இடங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பதிவேட்டில் எழுதிவந்தால், எண்கள் தளர்வதைக் கொண்டே ஆனோடு மாற்ற வேண்டிய காலத்தை முன்கூட்டி அறியலாம்.

கண்ணுக்கு மறைந்த ஆபத்துகள்

மூன்று இடங்கள் அடிக்கடி மறக்கப்படுகின்றன. முதலாவது, உட்புறத் தொட்டிகள். மிதக்கும் துறையின் தொட்டிகள் நிரம்புவதும் வடிவதுமாக இருப்பதால் அவற்றின் சுவர்கள் ஈரத்துக்கும் காற்றுக்கும் மாறி மாறி உள்ளாகின்றன. நீர் இருக்கும்போது மட்டுமே ஆனோடு வேலை செய்யும். எனவே அங்கு பூச்சின் தரம் மேலும் முக்கியமாகிறது. இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மூடிய தொட்டிக்குள் துருப்பிடிக்கும் உருக்கு அங்குள்ள காற்றின் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் இயல்பாக 20.9 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜன், உயிர் வாழப் போதாத அளவுக்குக் குறைந்துவிடும். மணமோ நிறமோ எச்சரிக்கையோ இராது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கக் குதித்தவரும் விழுவார். காற்றோட்டம் செய்து, ஆக்ஸிஜன் அளவைக் கருவியால் சோதித்து, எழுத்து மூலம் அனுமதி வழங்கிய பின்னரே எவரையும் இறக்க வேண்டும். அரிமானம் தகட்டை மட்டுமன்றி உயிரையும் பறிக்கும் இடம் இது.

இரண்டாவது, நங்கூரச் சங்கிலிகள். வளையங்களுக்கு இடையே மின்தொடர்பு உறுதியாக இராததால் மிதவையின் ஆனோடுகள் சங்கிலி முழுவதையும் காக்க மாட்டா. உராய்வும் அரிமானமும் சேர்ந்து தேய்க்கின்றன. ஆகவே அலை தெறிக்கும் பகுதியிலும், கடினமான கடல் தரையில் புரளும் பகுதியிலும் ஆண்டுக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை விட்டத்தில் தேயும் எனக் கொண்டு தொடக்கத்திலேயே தடித்த சங்கிலியைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

மூன்றாவது, வழிதவறும் மின்னோட்டம். மிதக்கும் கலத்தில் பற்றவைப்பு வேலை நடக்கும்போது மின்னாக்கி கரையில் இருந்து, திரும்பு கம்பி கலத்துடன் சரியாக இணைக்கப்படாவிட்டால் மின்சாரம் கடல் நீர் வழியே திரும்பும். அது தகட்டை விட்டு நீருக்குள் இறங்கும் இடத்தில் உருக்கு கரையும். 100 ஆம்பியர் மின்னோட்டம் 10 மணி நேரம் இவ்வாறு சென்றால் சுமார் ஒரு கிலோ உருக்கு போய்விடும். இது 8 மில்லிமீட்டர் தகட்டில் 160 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள துளைக்குச் சமம். பழுது பார்க்க வந்தவரே பழுதை உண்டாக்கிச் செல்லும் நிலை இது. திரும்பு கம்பியை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே கலத்துடன் இறுகப் பொருத்தினால் இதனை முற்றிலும் தவிர்க்கலாம்.

நம் நாட்டின் ஆய்வு வசதிகள்

இத்துறையில் நம் நாடு வெளியாரை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலையில் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியுதவியிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலையில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். அரிமானத் தடுப்பு அந்நிலையத்தின் முக்கிய ஆய்வுத் துறைகளுள் ஒன்று. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள அதன் கடலோரக் கிளைகள் உலோகங்களையும் பூச்சுகளையும் நம் கடற்காற்றிலும் கடல் நீரிலும் வைத்துச் சோதிக்க வாய்ப்பளிக்கின்றன. ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடம், அம்பர்நாத்திலுள்ள கடற்படைப் பொருளியல் ஆய்வுக்கூடம், 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவையும் கடல்சார் பொருள்களையும் தொழில்நுட்பத்தையும் ஆராய்கின்றன.

குளிர்ந்த கடல்களில் பெற்ற அனுபவத்தை அப்படியே இங்கு பொருத்த இயலாது. நம் நீர் வெப்பமானது. ஓட்டுயிரிகள் ஆண்டு முழுவதும் வளர்கின்றன. பருவமழை உப்புத் தன்மையை மாற்றுகிறது. எனவே உள்நாட்டுச் சோதனை முடிவுகளை வடிவமைப்பாளர்கள் பயன்படுத்திக்கொள்ளுதல் நலம்.

நிர்வாகத்தின் பங்கு

அரிமானத்தால் உலகம் இழப்பது அதன் மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என 2016-இல் வெளியான சர்வதேச ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்தியாவுக்கு அம்மதிப்பீடு 4.2 சதவீதம். தெரிந்த முறைகளை ஒழுங்காகக் கையாண்டாலே இவ்விழப்பில் 15 முதல் 35 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்றும் அவ்வாய்வு கூறியது. புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

குறை பெரும்பாலும் நடைமுறையில்தான் உள்ளது. புதிய பாண்டூன் வாங்க மூலதனச் செலவில் நிதி ஒதுக்கப்படுகிறது. திறப்பு விழாவும் நடைபெறுகிறது. ஐந்தாம் ஆண்டில் மாற்ற வேண்டிய ஆனோடுகளுக்கும், ஆண்டுதோறும் அளவெடுக்கும் மூழ்குநருக்கும் பராமரிப்புத் தலைப்பில் பணம் கேட்டால், "மேடை நன்றாகத்தானே மிதக்கிறது?" என்ற வினா எழுகிறது. நீருக்கு மேலே தெரியும் பகுதி பளபளப்பாக இருக்கலாம். கணக்குத் தணிக்கையில் ஆனோடு, வாங்கிய சில ஆண்டுகளில் காணாமற்போகும் பொருளாகத் தோன்றும். உண்மையில் அது காணாமற்போனதனால்தான் மேடை இன்னும் இருக்கிறது.

ஆகவே மிதக்கும் கட்டமைப்பு ஒவ்வொன்றுக்கும் சில நடைமுறைகள் வேண்டும். ஒப்பந்தத்திலேயே பூச்சின் தரம், ஆனோடு கணக்கு, அவற்றை நீரிலேயே மாற்றும் வசதி ஆகியவை இடம்பெற வேண்டும். ஒப்படைக்கும் நாளில் மின்னழுத்த அளவுகள் பதிவேட்டில் முதல் பக்கமாக அமைய வேண்டும். குறித்த காலத்தில் அளவெடுக்கும் பொறுப்பு பெயர் சுட்டி ஓர் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவர் மாற்றலாகிச் செல்லும்போது பதிவேடு அவருக்குப் பின் வருபவரிடம் சேர வேண்டும். ஆனோடு மாற்றும் செலவு தொடக்கத்திலேயே பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

ஒரு பாண்டூன் மேடையின் மேல் நாள்தோறும் பள்ளிக் குழந்தைகளும் மீன் கூடை சுமப்போரும் அலுவலகம் செல்வோரும் நடந்து செல்கின்றனர். தங்கள் காலடியில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள உருக்குத் தகடு மட்டுமே உள்ளது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு ஏற்படக் கூடாது. அவர்களுக்காக அதனை நினைவில் வைத்து அளந்துவருவது பொறியாளரின் கடமை. அவ்வளவீட்டுக்கும், கரைந்து காக்கும் அந்த உலோகத்துக்கும் உரிய தொகையை உரிய காலத்தில் வழங்குவது நிர்வாகத்தின் கடமை.